முப்பத்திரண்டு பல்லும் நாற்பதாயிரம் வாயும்

ஜூன் 4

பாசத்துக்குரிய மருமகளுக்கு,

அகில உலகப் புளுகர் பேரவையின் ஆயுட்காலத் தலைவரும், ஏழு மாடிக்குக் குறைந்த கட்டடத்தை ஏறெடுத்தும் பார்க்காத முன்னாள் லிஃப்ட் மெக்கானிக்கும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய நான், வலது கையை உயர்த்தி, இடது கையால் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன்: இப்போது சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. நீயும் நம்பாதே. நம்பினால் எனக்குத்தான் மரியாதைக் குறைவு.

போன திங்கட்கிழமை என் கைபேசியைக் கொன்றுவிட்டேன். பதினோராவது மாடியிலிருந்து லிஃப்ட் பள்ளத்துக்குள் போட்டேன். விழுகிற வழியிலேயே அது ஆறு பேருக்குக் காலை வணக்கம் அனுப்பியது. தரையில் மோதிய அதிர்ச்சியில் அடுத்த தெருவில் ஒரு பூனைக்குக் குறைப்பிரசவம். ஆகவே நீ இருபத்திரண்டு முறை அழைத்தும் நான் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. கோபமும் உண்டு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு நாலு வயசு இருக்கும்போது உங்கள் வீட்டுக் கூடத்தில் என் கம்ப்யூட்டர் இருந்தது, நினைவிருக்கிறதா? தொலைபேசிக் கம்பியை அதில் சொருகினால் தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி ஓர் அலறல் வரும். நீ கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிவாய். உன் அம்மா, “எவனாவது செத்தாக்கூட எனக்குச் சேதி வராது, போனை விடுடா!” என்று கரண்டியோடு வருவாள். அந்த அலறலுக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் புளுகு மடம் இருந்தது.

மொத்தம் இருபத்து மூன்று பேர். ஒருத்தர் முகத்தை இன்னொருத்தர் பார்த்ததில்லை. எல்லோருக்கும் பட்டப்பெயர். வாரம் ஒருவர் ஒரு புளுகு எழுத வேண்டும். மடத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: எவ்வளவு புளுகினாலும் உள்ளே ஒரே ஒரு உண்மை இருந்தாக வேண்டும். மற்றவர்கள் ஏழு நாள் மண்டையை உடைத்து அது எது என்று ஊகிப்போம். எட்டாம் நாள் புளுகியவரே ஒப்புக்கொள்வார்.

அதில் ‘கடைவாய்’ என்று ஒருவன். பல் டாக்டர். எனக்கு அடுத்தபடியான புளுகன். சில வாரம் எனக்கு முந்தியவன். அவன் எழுதிய கடைசிப் புளுகு இது: படிக்கிற காலத்தில் பயிற்சிக்கு ஆள் கிடைக்கவில்லையாம். நாற்காலியில் தூங்கிப்போன ஒருவரின் முப்பத்திரண்டு பல்லையும் பிடுங்கி, கழுவி, வெயிலில் காயப்போட்டு, திரும்பப் பொருத்தும்போது வரிசை மாறிவிட்டதாம். அந்த ஆள் எழுந்து, முன்பல்லால் மென்றுகொண்டு, கடைவாயால் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். அன்று முதல் அவர் மனைவிக்கு அவர்மேல் சந்தேகமாம்.

எது உண்மை என்று அவன் சொல்வதற்குள், எங்களுக்கு இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்திருந்த கம்பெனி கடையைச் சாத்திவிட்டது. இருபத்து மூன்று பேரும் இருபத்து மூன்று திசை.

இப்போது நீ. உன் வீட்டுப் பரணில் நான் விட்டுவந்த அச்சுக் காகித மூட்டையைப் பிரித்து, அந்தப் பக்கத்தைக் கேமரா முன்னால் பிடித்து, ஊருக்கே படித்துக் காட்டியிருக்கிறாய். பக்கத்தின் அடியில் அவன் கிளினிக் முகவரி இருந்தது, பார்த்தாயா? நாங்கள் முகவரி போட்டுத்தான் எழுதுவோம். அந்தக் காலத்தில் ஒருவன் முகவரி தெரிந்தால் அவனுக்கு வாழ்த்து அட்டைதான் அனுப்பத் தோன்றும்.

அவன் கிளினிக் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். இதற்கு நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு,
பேரவைத் தலைவர் (மனம் புண்பட்ட நிலையில்)

ஜூன் 11

பேரவைத் தலைவர் மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர், “இந்தக் காலத்துல கையெழுத்துல கடுதாசியா? யாரும்மா, வக்கீலா?” என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நம்பத்தகுந்தது, ஆகையால் உங்களுக்குப் பிடிக்காது.

நான் போட்ட வீடியோ மூன்று நிமிடம். முதல் ஒரு நிமிடம் முழுக்க உங்கள் மடம், உங்கள் சட்டம், நீங்கள் எல்லோரும் எப்படி விளையாட்டாகப் பொய் சொன்னீர்கள் என்பதுதான். அதற்குப் பிறகுதான் டாக்டர் கதையைப் படித்தேன். படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் கண்ணடித்து, “ஆனா இதுல ஒண்ணு மட்டும் நிச்சயம் உண்மை” என்றேன்.

யாரோ முதல் நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். சிரிப்பையும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது கதையும் அந்தக் கடைசி வாக்கியமும். பிறகு அதுவும் போய், ஒரு வழுக்கைத்தலைப் பெரியவர் படமும் அதன்மேல் சிவப்பில் இரண்டு வரியும்தான்: மயக்க மருந்து கொடுத்து ஏழை நோயாளியின் பற்களைப் பிடுங்கிய டாக்டர், தானே ஒப்புதல்.

முப்பத்திரண்டு பல்லைக் கழுவிக் காயப்போட்டதாக எழுதியிருக்கிறது மாமா. வெயிலில்! அதை நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டு ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. டிவியில் நாலு கட்டத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து, பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியுமா என்று ஒரு மணிநேரம் கத்தினார்கள். ஒரு பெண்மணி, இறந்துபோன தன் அப்பாதான் அந்த நோயாளி, அவர் சாகும்வரை கடைவாயால்தான் சிரித்தார் என்று அழுதார். அவருக்கு இப்போது என்னைவிடக் கூட்டம்.

படத்துக்குக் கீழே நாற்பதாயிரம் கருத்துகள். அதில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது இது: ‘இவனுடைய முப்பத்திரண்டு பல்லையும் பிடுங்கி, மாலையாகக் கோத்து, இவன் கழுத்திலேயே போட்டு, முரசு கொட்டி ஊர்வலம் விட வேண்டும்.’ பத்தொன்பதாயிரம் பேருக்கு அது பிடித்திருக்கிறது. அதையே சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள்.

இனி என் பங்கு. முகவரியை மறைக்காதது என் தப்பு. கவனிக்கவே இல்லை. அதைவிடப் பெரிய தப்பு, ஒன்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்தது. ஏன் என்றால், அந்த ஒன்பது நாளில் என் பக்கத்துக்கு எண்பதாயிரம் பேர் புதிதாக வந்தார்கள். என் பக்கத்தை நடத்தும் கம்பெனியின் மேலாளர் ஆபீசில் கேக் வெட்டினார். “இப்ப எதுவும் பேசாத. ஏறிட்டு இருக்கு, ஏறட்டும்” என்றார். ஒரு துண்டு நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் மருமகள்

ஜூன் 17

கேக் தின்ற மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ரத்தம் கொதித்து, பக்கத்தில் வைத்திருந்த டீ தானாகச் சூடேறியது. உடனே நானூறு குதிரை பூட்டிய ரதத்தில், அதாவது 14-ஆம் நம்பர் பஸ்ஸில், நாலு மணிநேரம் பயணம் செய்து கடைவாயின் தெருவுக்குப் போனேன்.

எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே நின்றுகொண்டேன்.

“என்ன சார், நீங்களும் வீடியோ எடுக்க வந்தீங்களா?” என்றான் கடைக்காரன்.

“இல்லப்பா. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கணும்.”

“எதை?”

கையில் ஒன்றுமில்லை. பஸ் டிக்கெட்டை நீட்டினேன். முன்னும் பின்னும் எடுத்துக் கொடுத்தான், மகராசன்.

கிளினிக் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உடைந்த கண்ணாடிக்கு அட்டையை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஷட்டர் பூட்டில் ஒரு மாலை. காகிதத்தில் பல் பல்லாக வெட்டிக் கோத்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு சரியாக இருந்தது. ஒரு பெண் அந்த மாலைக்குப் பக்கத்தில் நின்று தன் பல் அத்தனையும் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டாள். அவளோடு வந்தவன், “கொஞ்சம் கோவமா பாருடி” என்றான். உடனே கோபமாகப் பார்த்தாள். படம் எடுத்து முடித்ததும் இரண்டு பேரும் எங்கே டீ குடிக்கலாம் என்று பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

“எப்படிப்பட்ட ஆளு இவரு?” என்று ஜெராக்ஸ்காரனைக் கேட்டேன்.

“தங்கமான மனுஷன் சார். எம்பொண்ணுக்குப் பல்லு புடுங்கினாரு, அது அழவே இல்ல. பாட்டுப் பாடிக்கிட்டே புடுங்கிட்டாரு.”

“அப்ப இதை நீ நாலு பேருக்குச் சொல்றதுதானே?”

“சொன்னா என் கடைக்கு ஒத்த ஸ்டார் போட்டுருவாங்க சார். போன வாரம் பக்கத்துத் தையக்காரம்மா அவருக்காகப் பேசுச்சு. இப்ப அதோட கடைப் பேருக்குக் கீழ பாருங்க, துணி திருடின்னு எழுதி வெச்சிருக்கானுங்க. எழுதினவன் எந்த ஊர்லயோ இருக்கான்.”

மருமகளே, நாற்பது வருஷம் லிஃப்ட் வேலை பார்த்தவன் சொல்கிறேன். முன்பின் தெரியாத நாலு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், முதல் ஐந்து நிமிடம் முறைப்பார்கள். பத்தாவது நிமிடம் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். நான் கதவைத் திறக்கும்போது நாலு பேரும் ஒரே குடும்பமாக வெளியே வருவார்கள். எங்கள் மடம் அப்படி ஒரு பெட்டி. இடம் குறைவு, மூச்சு அதிகம். ‘உப்பு’ என்று ஒருவன் இரண்டு உண்மை வைத்து எழுதிவிட்டான் என்று ஒரு வாரம் தள்ளி வைத்தோம். மூன்றாம் நாளே அவன் இல்லாமல் முடியாமல், தீர்ப்பு சொன்ன நானே காலில் விழாத குறையாக எழுதிக் கூப்பிட்டேன். இன்றைக்கு உங்களுடையது லிஃப்ட் இல்லை. கிணறு. மேலே நாற்பது லட்சம் பேர் எட்டிப் பார்க்கிறார்கள், உள்ளே ஒருவன். எட்டிப் பார்க்கிறவனுக்கெல்லாம் வாயில் எச்சில்.

முழு வீடியோவைப் போடு. அது புளுகு என்று உன் வாயால் சொல். சொல்லாவிட்டால் எனக்கு மருமகளே இல்லை.

நான் தெருவைக் கடந்து அவனைப் பார்த்தேனா என்றுதானே கேட்கப் போகிறாய்? பாய்ந்து போய் முப்பது பேரை அடித்துத் துவைத்திருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தலைவர்

ஜூன் 26

மாமாவுக்கு,

போட்டுவிட்டேன். எப்படிப் போட்டேன் என்பதையும் கேளுங்கள். இந்த அசிங்கத்தை நான் மட்டும் சுமக்க முடியாது.

மேலாளரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றதும் திட்டுவார் என்று நினைத்தேன். துள்ளிக் குதித்தார். “மன்னிப்பா? சூப்பர்! மன்னிப்பு நல்லா ஓடும்மா.” விளக்கை எந்தப் பக்கம் வைத்தால் கண் கலங்கின மாதிரி தெரியும் என்று சொல்லிக் கொடுக்க ஒரு ஆளே இருக்கிறான். “பவுடர் வேணாம், முடியைக் கொஞ்சம் கலைச்சு விடுங்க, தூங்காத முகமா இருக்கணும்” என்றான். நான் உண்மையிலேயே நாலு நாளாகத் தூங்கவில்லை. அது கேமராவில் பத்தாது என்று கண்ணுக்குக் கீழே மை தடவப் பார்த்தான்.

பிறகு ஒரு பற்பசைக் கம்பெனி வந்தது. ஆமாம் மாமா. பற்பசை. மன்னிப்பு கேட்டு முடித்ததும் நான் அவர்கள் டியூபைக் கையில் பிடித்து, உண்மையான புன்னகை என்று ஏதோ சொல்ல வேண்டுமாம். இது உங்கள் புளுகு இல்லை, என் ஆபீஸ். மேலாளர் என் தோளைத் தட்டி, “டாக்டருக்கும் ஒரு பெட்டி அனுப்பிடலாம்” என்றார்.

வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து, துணி காயும் கொடிக்கு முன்னால் உட்கார்ந்து, முழு வீடியோவையும் போட்டு, அது விளையாட்டுக் கதை, முகவரியைக் காட்டியதும் இத்தனை நாள் சும்மா இருந்ததும் நான்தான் என்று சொன்னேன். அறுநூற்றுப் பதினோரு பேர் பார்த்தார்கள். நாற்பது பேர், பின்னால் தொங்குகிற மஞ்சள் சட்டை எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். ஒருவர், டாக்டர் எனக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டார். டாக்டருக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது.

இனி வேறு ஒரு விஷயம்.

வேலை இல்லாததால் அந்த நாற்பதாயிரத்தையும் படிக்க ஆரம்பித்தேன். எல்லோரும் மூன்று வார்த்தையில் கெட்ட வார்த்தை போட்டிருக்கும்போது, அந்த மாலைக்காரர் மட்டும் முரசு, ஊர்வலம் என்று அலங்காரமாக எழுதியிருக்கிறார். யார் என்று போய்ப் பார்த்தேன். முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ. பெயர் ‘நேர்மை’. அந்தக் கணக்கிலிருந்து இதற்கு முன் ஒரே ஒரு இடத்தில்தான் கருத்து எழுதியிருக்கிறது. போன வருஷம், என் பிறந்தநாள் படத்துக்குக் கீழே: ‘நூறு யானையின் ஆயுளும் ஆயிரம் சிங்கத்தின் பசியும் பெற்று வாழ்க மருமகளே.’

மாமா, உங்கள் போன் எங்கே இருக்கிறது? புளுகாமல் சொல்லுங்கள்.

ஜூலை 2

மருமகளுக்கு,

அலமாரியில் இருக்கிறது. அணைத்து வைத்திருக்கிறேன்.

அது நான்தான்.

கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினாறு பேர். அந்தப் படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள். வழுக்கைத்தலை, சிவப்பு எழுத்து. கடைவாயின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை, அதுவும் இரண்டே வரியில் இருந்தால் எனக்கு எப்படி ஞாபகம் வரும் என்று உன்னிடம் கேட்கலாம். கேட்கவில்லை. எதையும் தெரிந்துகொள்ளாமல் எழுதினேன் என்பதுதான் விஷயம். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வரிசையில் என் முறை வருவதற்குள் முந்நூறு பேருக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் நாலாயிரம். மடத்தில் நான் எழுதியதை இருபத்திரண்டு பேர்தான் படிப்பார்கள், அதில் பாதிப் பேர் குறை சொல்வார்கள். இங்கே ஒருவரும் குறை சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது. சாப்பிடும்போது ஒரு கையால் போன் திரையைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். மூன்றாம் நாள்தான் உன் வீடியோவைப் பார்த்து, அது யார் கதை என்று புரிந்தது. அதற்குப் பிறகுதான் போனை அணைத்தேன்.

அணைப்பதற்கு முன் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. காரணம் எழுதக் கை கூசுகிறது. பத்தொன்பதாயிரம் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது, இருபது ஆகியிருக்குமா என்று ஒரு நொடி நினைத்தேன்.

உன்னைக் கேக் தின்றவள் என்று எழுதினேன்.

மாமா

ஜூலை 7

மாமாவுக்கு,

உங்களைத் திட்ட வேண்டும் என்று மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். திட்டுவதற்கு எனக்கு முகம் இல்லை. உங்களைத் தேற்றவும் மனம் வரவில்லை.

போனை எடுத்து அதை அழியுங்கள். எண்ணிக்கையைப் பார்க்காமல் அழியுங்கள்; முடியாவிட்டால் அம்மாவிடம் கொடுங்கள், அவளுக்கு உங்கள் பொருளை அழிப்பதில் அனுபவம் உண்டு.

அடுத்தது, டாக்டரிடம் நேரில் போய் நீங்களே சொல்ல வேண்டும். கடிதம் வேண்டாம். என் கடிதம் என்ன ஆனது என்று பார்த்தீர்களே. அவர் கிளினிக்கைக் காலி செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். பதினைந்தாம் தேதிக்கு மேல் அங்கே இருக்க மாட்டார். தெருவின் இந்தப் பக்கமே நின்றுவிட்டு வராதீர்கள்.

மருமகள்

ஜூலை 15

மருமகளே,

போனேன். கேள்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருவே எழுந்து நின்றது. யானை ஒன்று வந்து என் பையை வாங்கிக்கொண்டது. ஜெராக்ஸ்காரன் என் முகத்தை ஆயிரம் பிரதி எடுத்து வானத்தில் தூவினான். தையற்காரம்மா சிவப்புக் கம்பளத்துக்கு என் கண்ணெதிரே ஓரம் அடித்து விரித்தார். ஷட்டர் தானாக மேலே ஏறியது. உள்ளே கடைவாய், வெள்ளைக் கோட்டில், ஏழடி உயரத்தில் நின்றான். “வாடா தலைவா!” என்று கட்டிப் பிடித்த வேகத்தில் என் இரண்டு எலும்பு இடம் மாறி, பிறகு அதுவே வசதியாக இருந்தது.

நான் ஒப்புக்கொண்டேன். “அந்த மாலை நான் கோத்தது” என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “தெரியும்டா! நாற்பதாயிரம் வசவுல ஒண்ணுலதான் முரசு இருந்துச்சு. உன்னை விட்டா யாருக்கு வரும்?” என்றான். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே என் பல் எல்லாவற்றையும் இலவசமாகத் தேய்த்து விட்டான். அவன் கடைசிக் கதையில் எது உண்மை என்றும் சொன்னான். நான் அழுதேன், அவன் அழுதான், யானை அழுதது. மாலை வரை பேசினோம். மடத்தை மறுபடி திறப்பதாக முடிவு. உன்னை இருபத்து நான்காவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது தபால்காரரின் தப்பாம்.

மடத்தின் சட்டம் உனக்குத் தெரியும். எட்டாம் நாள்வரை உன்னைக் காக்க வைக்க எனக்குத் தெம்பில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாற்பதாயிரத்தில் அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். அது ஒன்றுதான் உண்மை. தெருவைக் கடந்து போய் ஷட்டரைத் தட்டினேன். “யாரு?” என்றான். இத்தனை வருஷத்தில் அவன் குரலை அன்றுதான் கேட்டேன். கட்டைக்குரல். என் பட்டப்பெயரைச் சொன்னேன். உள்ளே எதையோ கட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. “மாலை போட்டுட்டியே, இன்னும் என்ன?” என்றான்.

ஷட்டர் திறக்கவில்லை.

மாமா